எட்டு மீட்டர் கயிறு

அந்தப் பாதையில் எதிரே வந்தவர்கள் எல்லோரும் நாயைத் தொடையோடு ஒட்டிப் பிடித்திருந்தார்கள். லிஃப்ட் மெக்கானிக் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது ஆளும் அப்படியே கடந்து போனபோதுதான் நின்று திரும்பிப் பார்த்தான். கயிற்றைக் கையில் நாலைந்து சுற்றுச் சுற்றி, கழுத்துப்பட்டைக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கூட்ட நெரிசலில் குழந்தையைக் கூட்டிப் போகிறவர்களைப் போல வேகவேகமாக நடந்தார்கள். ஒரு நாயும் இன்னொரு நாயை மோந்து பார்க்கவில்லை. ஒன்றுகூடக் குரைக்கவில்லை.

வாசல் பலகை என்னவோ பல்லெல்லாம் தெரிய வரவேற்றது. நகரத்திலிருந்து முக்கால் மணி நேரக் கார்ப் பயணம், காட்டை ஒட்டிய பூங்கா, நாய்களோடு நடக்கவென்றே மூன்று பாதைகள், குடிக்கத் தண்ணீர்த் தொட்டி, கழிவை அள்ள இலவசப் பை. மூன்றில் நீலப் பாதைதான் நீளம் அதிகம், ஆள் குறைவு. அதற்காகவே அவன் அதைத் தேர்ந்தெடுத்தான். அவன் நாயை நடத்திக் கூட்டிப்போக வரவில்லை. விட்டுவிட்டுப் போக வந்திருந்தான்.

பத்து வயது மகள் அந்த நாய்க்குத் துரை என்று பெயர் வைத்திருந்தாள். பெயருக்குக் குறைச்சல் இல்லாமல்தான் அதுவும் நடந்துகொண்டது. சோபா அதற்கு, ஜன்னல் அதற்கு, அவன் கை பட்டால் உறுமல். குடியிருப்பில் லிஃப்ட் ஓடும்போதெல்லாம் குரைக்கும். போன வாரம் சங்கச் செயலாளரின் கெண்டைக்காலைப் பதம் பார்த்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் நாய் போக வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் போக வேண்டும் என்று கடிதம் வந்தது. மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "துரை போனா உங்ககூடப் பேசவே மாட்டேன்பா" என்றாள். அவள் பேசாமல் இருப்பதை அவனால் தாங்க முடியாது. அதனால்தான் இந்த ஏற்பாடு. நடக்கக் கூட்டிப் போனேன், கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆஸ்பத்திரி லாண்டரியில் காலை ஷிப்ட் பார்க்கும் மனைவியிடம்கூட அவன் மூச்சு விடவில்லை.

காலை எட்டு மணியாகியும் வெயில் வரவில்லை. பனி மரங்களின் இடுப்பு வரை இறங்கி நின்றது. ஈர இலையும் பழைய தோலும் கலந்த ஒரு வாடை, மழையில் நனைந்த செருப்பைப் பல நாள் மூட்டை கட்டி வைத்துத் திறந்தது போல, மூக்கை விட்டுப் போக மறுத்தது. அவன் கையில் இருந்தது, பிளாஸ்டிக் பிடிக்குள் தானாகச் சுருண்டுகொள்ளும் கயிறு. பொத்தானை அழுத்தினால் அப்படியே பூட்டிக்கொள்ளும், விட்டால் எட்டு மீட்டர் வரை போகும். அவன் விட்டிருந்தான். நாயின் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் வேலை சுலபமாக முடியும் என்று தோன்றியது. துரை பனிக்குள் போய் மறைந்து, கயிறு மட்டும் முன்னால் நீண்டு வெள்ளைக்குள் நுழைந்திருந்தது.

இரண்டு நாய்களோடு எதிரே வந்த ஒரு பெண்மணி, அவனைப் பார்த்ததும் பாதையின் ஓரத்துக்கு ஒதுங்கினாள்.

"கயித்தைச் சுருக்குங்க சார்."

"என் நாய் ஒண்ணும் பண்ணாதும்மா."

"நாயைப் பத்தி யாரு சொன்னா?" அவள் நிற்கவில்லை. முகத்தில் அருவருப்பு. "தெரியாதவங்கல்லாம் எதுக்குதான் இந்தப் பாதைக்கு வர்றீங்களோ."

'பெரிய பாதை, இவள் அப்பா போட்ட பாதை' என்று அவன் மனதுக்குள் திட்டிக்கொண்டான். அவளுடைய செருப்புச் சத்தம் ஓய்ந்தது. அதன்பிறகு எதிரே யாரும் வரவில்லை.

மூன்றாவது பெஞ்சைத் தாண்டியதும் நின்றான். இதற்கு மேல் போகத் தேவையில்லை. பொத்தானை அழுத்திக் கயிற்றைப் பூட்டினான். இழுத்தான். கயிறு விறைத்து நின்றது.

"துரை, வா."

ஈரமான ஒன்று அவன் காலில் உரசியது.

பின்பக்கமிருந்து.

குனிந்து பார்த்தான். துரை. வாலைக் கால்களுக்கு இடையே செருகிக்கொண்டு, அவன் கணுக்காலோடு உடம்பை ஒட்டி நின்றது. தொட்டாலே உறுமுகிற நாய், உடம்பெல்லாம் நடுங்க அவன் மேல் சாய்ந்திருந்தது. கழுத்துப்பட்டை அப்படியே இருந்தது. கயிற்றின் கொக்கி மாட்டும் வளையம் காலியாக இருந்தது.

கயிறு முன்னால் விறைப்பாகவே இருந்தது.

எங்காவது வேரில் மாட்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். ஆனால் அவனுடையது பதினெட்டு வருடம் லிஃப்ட் ரோப்களைப் பார்த்த கை. விரலால் சுண்டிப் பார்த்தே ரோப்பில் எவ்வளவு கனம் இருக்கிறது என்று சொல்லிவிடுவான். கூட வேலை செய்பவர்கள் அவனைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். வேரில் மாட்டிய கயிறு செத்த கயிறு. இதில் உயிர் இருந்தது. மெல்ல இழுத்தது, விட்டது, இழுத்தது. பதினொரு கிலோ. போன மாதம் கால்நடை மருத்துவர் எடை போட்டுச் சொன்ன துரையின் கனம், ஒரு பிசிறு கூடவோ குறையவோ இல்லாமல்.

"யாருங்க அது?" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

இருபது கிலோ.

கயிற்றில் கனம் ஏறியது. அவசரமே இல்லாமல், ஒவ்வொரு கிலோவாக, எவ்வளவு வேண்டும் என்று அவனிடமே கேட்டுக் கேட்டு ஏற்றுவது போல. முப்பத்தைந்து. ஐம்பது. ஷூ ஈரமண்ணில் ஓர் அடி வழுக்கியது. அறுபத்தெட்டு. அங்கே வந்து நின்றது. அது அவனுடைய எடை.

பிடியைக் கைவிட்டான்.

சுருள்கம்பி இழுக்க, பிளாஸ்டிக் பிடி கல்லிலும் வேரிலும் தடதடவென்று மோதிக்கொண்டு பனிக்குள் ஓடியது. தடதட. தடதட. நின்றது. நிசப்தம். பிறகு ஒரு சின்ன 'டக்'. யாரோ பொத்தானை அழுத்திப் பார்த்த சத்தம். மறுபடி 'டக்'. பழகிக்கொள்கிற சத்தம்.

பிறகு தடதடப்பு அவன் பக்கமாகத் திரும்பியது.

துரையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினான். நாய் கடிக்கவில்லை. முகத்தை அவன் அக்குளுக்குள் புதைத்துக்கொண்டது. பனி கண்ணை மறைத்தது. ஒரு பெஞ்ச் போனது. இரண்டாவது பெஞ்ச். பின்னால் தடதட, தடதட. ஓடி வருகிற காலடி இல்லை, மூச்சு இல்லை, பிளாஸ்டிக் மட்டும் கல்லில் மோதிக்கொண்டு வந்தது. ஐம்பது வயது நெஞ்சு வலித்தது. பதினொரு கிலோ இப்போது நூறாகக் கனத்தது. வாடை பக்கத்தில் வந்தது. ஈரத்தோல். பிடரியில் படுகிற தூரம்.

அவன் நின்றான். திரும்பவில்லை. நாயைப் பின்பக்கமாக வீசினான்.

"இந்தா, எடுத்துக்கோ" என்றான்.

துரை ஒரே ஒரு முறை கத்தியது. தடதடப்பு நின்றது.

கார் நிறுத்துமிடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. கதவைப் பூட்டிக்கொண்டு ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து அழுதான். பயத்தில் பாதி, வெட்கத்தில் பாதி. விட்டுவிட்டு வருவது வேறு, தூக்கிக் கொடுப்பது வேறு. தன்னையே நம்பி ஒட்டிக்கொண்ட ஒரு உயிரை அவன் தூக்கிக் கொடுத்திருந்தான். சுற்றி ஒரு வண்டியும் இல்லை. கண்ணாடிக்கு வெளியே எல்லாம் வெள்ளை.

போன் அடித்தது. வீடு.

"அப்பா, எங்கப்பா இருக்கீங்க?"

மகளின் குரல் கேட்டதும் அவனுக்கு உயிர் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டான். காலையிலிருந்து மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னான்.

"கண்ணு, அப்பா ஒண்ணு சொல்றேன், அழக் கூடாது. நடக்கக் கூட்டிட்டுப் போனேனா, துரை கையை உதறிக்கிட்டு..."

"துரை வந்துட்டானேப்பா!" அவள் சிரித்தாள். "அதுக்குத்தான் போன் பண்ணேன். நீங்க எங்க, கார் நிறுத்துறீங்களா?"

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"யார் வந்தாலும் கதவைத் திறக்காதேன்னு சொன்னேனா இல்லையா?"

"யாரும் வரலப்பா. கதவைச் சுரண்டுச்சு, பார்த்தா துரை. லிஃப்ட்ல தனியா வந்திருக்கான், சமர்த்து! குரைக்கவே இல்லை. மூஞ்சியக் காட்ட மாட்டேங்கிறான், அந்தப் பக்கமே திரும்பி உக்காந்திருக்கான். நல்லா நனைஞ்சிருக்கான்பா, என்னமோ நாத்தம் அடிக்குது."

அப்போது காருக்கு முன்னால் பனி லேசாக அசைந்தது. மண்ணில் வயிறு பட, ஒரு பின்னங்காலை இழுத்துக்கொண்டு, துரை வந்தது. பம்பருக்கு முன்னால் உட்கார்ந்தது. கழுத்துப்பட்டையில் மகள் எழுதி ஒட்டிய போன் நம்பர் தெரிந்தது. அவனையே பார்த்தது.

"கண்ணு." அவன் குரல் உடைந்தது. "அது துரை இல்லடா. உள்ள போய்க் கதவைச் சாத்து. இப்பவே."

"துரைதான்பா. கயிறுகூடக் கட்டியிருக்கு. ஆனா பிடியைக் காணோம். கயிறு லிஃப்டுக்குள்ள இருந்து வருதுப்பா, இழுத்துக்கிட்டே இருக்கேன், வந்துக்கிட்டே இருக்கு."

"தொடாதே! கீழே போடு!"

"திரும்ப ஓடிடக் கூடாதுல்ல? கையில நல்லா சுத்திக்கிட்டேன்."

"அவிழ்த்துடு கண்ணு. அப்பா சொல்றேன்ல, அவிழ்த்துடு, அவிழ்த்துடு..."

"இருங்கப்பா." மூச்சு வாங்கினாள். முதல் முறையாக அவள் குரலில் பயம் தட்டியது. "வர மாட்டேங்குதுப்பா. இறுக்குது. துரை லிஃப்டுக்குள்ள போயிட்டான். கதவு மூடுது."

லிஃப்ட் கதவு மூடுகிற சத்தம் அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. நடுவில் கயிறு இருந்தால் கதவு நிற்காது, அவ்வளவு மெல்லியதை அது கண்டுகொள்ளாது. மாதா மாதம் அந்த லிஃப்டுக்குச் சரி என்று கையெழுத்துப் போடுபவன் அவன்தான். முன்னால் துரை தலையைத் தூக்கிக் குரைக்க ஆரம்பித்தது, வீட்டில் லிஃப்ட் ஓடும்போது குரைப்பது போலவே, நிறுத்தாமல்.

"அப்பா" என்றாள் மகள். "லிஃப்ட் கீழ இறங்குதுப்பா."

வீடு ஒன்பதாவது மாடியில் இருந்தது.