முப்பத்தொன்பதாவது பெயர்

ஈரத்தாள் கல்லோடு ஒட்டிக்கொண்டது. மை தோய்த்த துணிப்பொதியால் ஒற்ற ஒற்ற, கறுத்த பரப்பில் எழுத்துகள் வெள்ளையாக எழும்பின. எல்லாம் சரிதான், கடைசிப் பெயருக்கு மேலே இருக்கவேண்டிய ‘செதுக்கியவர்’ என்ற சொல்லை மட்டும் காணோம்.

ருலான் தாளின் ஓரத்தைத் தூக்கி விரலால் தடவினாள். அந்த இடம் மழமழவென்றிருந்தது. நேற்று அவள் கண்ணெதிரில்தான் கணவன் பெய்ஷான் அந்தச் சொல்லை அங்கே வெட்டினான்.

பஞ்சத்தில் செத்த முப்பத்தெட்டுப் பேரின் பழைய கல் உடைந்துபோனதால், கோயிலுக்காக, அதிலிருந்து முன்பு இதேபோல் தாளில் ஒற்றி எடுத்த மைப்படியைப் பார்த்து அவன் இந்தப் புதுக்கல்லை வெட்டியிருந்தான். கடைசியில் இரண்டு பெயருக்கு இடம் காலியாகக் கிடந்தது. செதுக்குகிறவன் பெயர் விளிம்பில் போவதுதான் வழக்கம். இந்த மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை, காலியிடத்தில் தன் பெயரைப் போட்டுக்கொண்டான். செத்தவர் கல்லில் உயிரோடிருப்பவர் பெயர் ஏறினால் சிவப்பு பூச வேண்டும், அதையாவது செய்யுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

“கல்லுக்கு உதட்டுச் சாயம் பூசச் சொல்றியா?” என்று சிரித்தான்.

இப்போது அவன் பெயர் செத்தவர்களோடு ஒரே வரிசையில் நின்றது.

வெளியே மழை, உள்ளே ஈரக் கல்பொடி வாசனை. டக், டக் என்று உளிச் சத்தம் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்துக் கொட்டகையில் அவன் வேலை செய்கிறான், அது கேட்கும் வரை பயமில்லை. தாளை உரித்துவிட்டு, சிவப்பைக் குழைத்து அவன் பெயரில் பூசினாள். பள்ளத்தில் சாயம் நிற்கவில்லை, எண்ணெய் தடவிய சட்டியில் விட்ட தண்ணீர்போல ஒட்டாமல் வழிந்து இறங்கியது.

“ஏங்க, ஒரு நிமிஷம் இங்க வாங்க.”

டக். டக்.

“பயமா இருக்குங்க.”

கொட்டகைக்கு ஓடினாள். மேசைமேல் தலை சாய்த்திருந்தான். காலையில் அவள் வைத்த நூடுல்ஸ் கிண்ணத்தில், உளியில், அவன் இமைகளில், கலையாத கல்பொடி. தொட்டாள். சில்லென்றிருந்தது.

டக்.

சத்தம் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

சிவப்பு நின்றுவிட்டால் எழுந்துவிடுவான் என்று, பைத்தியம்போல் திரும்பி ஓடினாள். கல்லில், அவன் பெயருக்குக் கீழே, ஒரு கிடைக்கோடு. டக். இன்னொன்று. மூன்றாவது. உளி இல்லை. கை இல்லை. பொடி மட்டும் உதிர்ந்தது. இடப்பக்கம் சரிந்த கோடு. வலப்பக்கம் சரிந்த கோடு.

அவள் குடும்பப் பெயர் சின். அந்தச் சீன எழுத்தை எழுதப் பழகிய நாளிலிருந்து அவள் முதலில் போடும் ஐந்து கோடுகள் இவை.

சிவப்பை அள்ளி அப்பினாள். வழிந்தது. உள்ளங்கையால் இறுகப் பொத்தினாள்.

டக்.

கைக்கு அடியில்.