மறதிக்கு ஒரு கப் டீ

"சார்... எங்க ஊட்டுக்காரரை லாத்தா விஷம் வெச்சுக் கொன்னுட்டாங்க!"

போனில் அலறியவள் ஃபஸீலா.

பூந்தமல்லியில், கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை. இன்ஸ்பெக்டர் கார்த்திகேசன் நுழைந்தபோது அவள் புருஷன் கலீல் ரகுமான் பிரியாணி தேக்சாக்களுக்கு நடுவே மல்லாந்து கிடந்தான். பக்கத்து ஸ்டூலில் பாதி டீயோடு ஒரு கப்.

நாடி பார்த்தார்.

உயிர் இருந்தது. குறட்டையும் இருந்தது.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுத் திரும்பினார். கலீலின் அண்ணி வஹீதுன்னிசா, ஃபஸீலா 'லாத்தா' என்று அழைக்கும் கடையின் சொந்தக்காரி, கவிழ்த்துப் போட்ட தேக்சாவின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"லாத்தாவுக்கு டிமென்ஷியா சார்," விசும்பினாள் ஃபஸீலா. "இன்னா கெழமைன்னு கேளுங்க, தெரியாது. இன்னைக்குத்தான் வேப்பம்பட்டு ஹோம்ல உடறதா இருந்தோம். அதுக்குள்ள..."

"இந்த டீயை நீங்கதான் குடுத்தீங்களாம்மா?" என்று வஹீதுன்னிசாவிடம் கேட்டார்.

"ஆமா நைனா. எனக்கு வந்த கப்பை அவனுக்கு மாத்திக் குடுத்தேன்."

கார்த்திகேசனின் புருவம் ஏறியது.

"மறதி நோய் கீதான்னு இப்பல்லாம் கையில ரத்தம் எடுத்தே பாக்கறாங்க. எனக்கும் பாத்தாங்க. அதுக்கான அடையாளமே இல்லியாம். வேற எதுனா மாத்திரை உள்ள போவுதான்னு டாக்டரம்மா கேட்டாங்க. சில தூக்க மாத்திரை இந்த வயசுல அச்சு அசலா மறதி மாரியே ஆட்டம் காட்டுமாம்."

"அப்புறம்?"

"நோன்பு மாசம் பூரா எனக்குப் புத்தி பளிச்சுனு இருந்துச்சு. பெருநாள் முடிஞ்சதும் திரும்ப மந்தம். உக்காந்து யோசிச்சேன். நோன்புக் கஞ்சியும் விடியக்கால சஹர் சோறும் எல்லாருக்கும் ஒரே சட்டி. பகல் டீ மட்டும்தான் கெடையாது."

கார்த்திகேசன் கீழே கிடந்தவனை முறைத்தார். "இவன் வேலையா?"

"சேச்சே. அவன் கண்ணு முன்னாலதான் கப்பை மாத்துனேன். விஷயம் தெரிஞ்சவன் குடிச்சிருப்பானா? உறிஞ்சி உறிஞ்சிக் குடிச்சான், பாவம்."

"அப்ப டீ போட்டது..."

வஹீதுன்னிசா எழுந்தாள். கோபத்தில் மூச்சு வாங்கியது. மிச்ச டீயை எடுத்து ஃபஸீலாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"கடை வேணும்னா வாயத் தொறந்து கேட்டிருக்கலாமே. என் புத்தியை ஏண்டி எடுத்தே? நான் இந்தக் கடையை உட்டு எங்கியும் போவ மாட்டேன். இந்தா, வெறும் டீதானே... குடி."

ஃபஸீலா பின்வாங்கினாள். முதுகு தேக்சாவில் இடித்தது.

"கொஞ்சமாத்தான் போடுவேன்... இன்னைக்கு வேன்ல ஏத்தணுமேன்னு தூக்கலா..."

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். ரொம்ப லேட்.

இன்ஸ்பெக்டரோடு வந்திருந்த பெண் போலீஸ் அவள் கையைப் பிடித்தபோது, கலீல் முனகிக்கொண்டே கண் திறந்தான்.

"அண்ணி... இன்னைக்கு இன்னா கெழமை?"

"செவ்வா," என்றாள் வஹீதுன்னிசா. "அதை நான் ஞாபகம் வெச்சுக்கறேன். நீ உன் பொண்டாட்டி பேரை மறந்துடு."