நாற்பத்தொன்றாம் செடியும் ஒரு தேனீயும்

தேனீ பைக்குள் புகுந்துவிட்டது!

வாலுவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர் சும்மா வைக்கவில்லை. விதைப் பண்ணையில் வேலை செய்யும் அம்மா, குறிப்பேடு எடுக்கக் கொட்டகைக்குப் போயிருந்தாள். அதற்குள் இவள் சூரியகாந்திப் பூவின் மேல் கட்டியிருந்த துணிப்பையை அவிழ்த்து எட்டிப் பார்த்தாள்.

வேறு செடியின் மகரந்தம் ஒட்டினால் விதை கலப்பாகிவிடும். அதற்காகத்தான் பை. சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காத எண்ணெய் தரும் செடியை அம்மா ஏழு வருடமாகத் தேடுகிறாள். நானூறு செடிகளில் தேறியது இந்த நாற்பத்தொன்றாம் செடி மட்டும்தான். வீட்டிலும் எப்போதும் இதே பேச்சு. 'அப்படி என்ன பெரிய மகாராணி?' என்று வாலுவுக்குப் பொறாமை.

தேனீயை விரட்டிப் பையைக் கட்டினாள். அம்மா வந்துவிட்டாள்.

"என்னடி, திருதிருன்னு முழிக்கிறே?"

"ஒண்ணுமில்லம்மா."

யாரும் பார்க்கவில்லை. தேனீயும் கோள் சொல்லப் போவதில்லை. ஆனால் அம்மா இந்த விதையை நம்பி விதைப்பாளே!

"அம்மா... நான் பையைத் திறந்துட்டேன். தேனீ உட்கார்ந்துடுச்சு."

அம்மாவின் முகம் வெளிறியது. "ஏழு வருஷம்டி!" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகக் கத்தரிக்கோலை எடுத்தாள். கலப்பான பூவை வெட்டி எறிவதுதான் பண்ணை வழக்கம்.

"வெட்டாதேம்மா!" வாலு குறுக்கே பாய்ந்தாள். "உள்ள இருக்கிற குட்டிப் பூக்கள்ல ஒரு வட்டம்தான் விரிஞ்சிருந்துச்சு. தேனீ அதுலதான் சுத்துச்சு. ஓரத்துல எல்லாம் வாடிப்போச்சு, நடுவுல எல்லாம் மொட்டு. மூடின மொட்டுக்குள்ள மகரந்தம் எப்படிம்மா போகும்?"

அம்மா பையை அவிழ்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள்.

"ஆமா, ஓரத்துல விதை பிடிச்சாச்சு" என்றாள். "விரிஞ்சதை மட்டும் எடுத்துட்டா மீதி தப்பிக்கும்."

சின்ன இடுக்கியை வாலுவிடம் நீட்டினாள். "நீயே எடு. தேனீ சுத்தின இடம் உனக்குத்தான் தெரியும். நான் தேனீ வராம பார்த்துக்கறேன்."

வாலு ஒவ்வொரு குட்டிப் பூவாகப் பிடுங்கினாள். அம்மா நோட்டை விசிறிக்கொண்டே நின்றாள். கடைசிப் பூவும் வந்ததும் இருவரும் சேர்ந்து பையை இறுக்கிக் கட்டினார்கள்.

"இனிமே பார்க்கணும்னு தோணுனா?" என்றாள் அம்மா.

"உன்னைக் கேட்டுட்டுப் பார்ப்பேன்."

"என்னைக் கேட்டா பத்தாது. தேனீயையும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ!"

அம்மா சிரித்துவிட்டாள். அதைப் பார்த்த பிறகுதான் வாலுவுக்கு ஓவென்று அழுகை வந்தது.