பெயர் தெரியாத தாங்குநர்

சுமைமாற்றி என்ற இயந்திரம் வந்த பிறகு முன்னாள் படைவீரர்களுக்கான மீள்வு இல்லத்தில் மாத்திரை வாசனையே இல்லாமல் போனது. பயத்தை அழிக்க முடியாது, ஒரு மூளையிலிருந்து இன்னொரு மூளைக்கு இறக்கி வைக்கத்தான் முடியும். நினைவு உரியவரிடமே இருக்கும். அதிலுள்ள நடுக்கம் மட்டும் பெயர் சொல்லாத ஒரு தாங்குநருக்குப் போகும்.

அப்படி யாரோ ஒரு புண்ணியவான் வாங்கிக்கொண்டதால்தான் முன்னாள் ஹவில்தார் அருமைநாதன் குடியை விட்டார். பனிச்சரிவில் தன் கையிலிருந்த கயிறு நழுவி ஒரு சிப்பாய் விழுந்து செத்த நாளைக்கூட இப்போது பதறாமல் நினைக்க முடிந்தது. அதோடு பனிமலைக் காலமே அவருக்குத் திரும்பக் கிடைத்தது. பனியை உருக்கிப் போட்ட டின்பால் டீ, அடுப்புப் புகை படிந்த மூக்குகள், ஏற்றத்தில் பெரிய மூட்டையை அவரோடு முறை வைத்து மாற்றிச் சுமந்த கூடாரத் தோழன் கஜபதி. அவன் குடிக்கமாட்டான். தன் பங்கு ரம்மையும் அருமைநாதனுக்கே ஊற்றிவிடுவான். என்ன அருமையான நாட்கள் அவை.

அந்தக் கஜபதி ஒரு நாள் தள்ளாடிக்கொண்டே இல்லத்துக்கு வந்து சேர்ந்தான். அருமைநாதன் ஓடிப்போய் அவன் தோளைத் தாங்கிப் பிடித்தார்.

“ரம் வாசனைக்கே மூக்கப் பொத்துவியேலே. ஒனக்கு என்னலே ஆச்சு?”

“தூக்கம் வரலடா. நீ நல்லா கீறியா, அத்த சொல்லு மொதல்ல.” கோட்டுப் பையிலிருந்து வலது கையை எடுக்காமலே சிரித்தான்.

அருமைநாதன் நேராக டாக்டர் வசுமதியிடம் போனார். “அவன் பயத்த நான் வாங்கிக்கிடுதேம்மா. அவனுக்குத் தெரிய வேண்டாம்.”

“மறுபடி குடிக்கு இழுக்கும் சார். உங்க பொண்ணு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வர்றாங்களே?”

“மூட்ட தூக்கிப் பழகுனவன்தாம்மா.”

“உங்க ஆளுங்க எல்லாரும் இதையேதான் சொல்றீங்க” என்று பெருமூச்சு விட்டார் டாக்டர்.

இயந்திரத்தின் தலைக்கவசத்தைக் கழற்றும்போது சமையலறையில் ஒரு தட்டு விழுந்தது. அருமைநாதனின் வலது கை கயிற்றைப் பிடிப்பதுபோல் இறுகிக்கொண்டது. உள்ளங்கை வேர்த்தது, வலி முழங்கை வரை ஏறியது. பல வருடம் அவரைக் குடிக்க வைத்த அதே பிடி. கஜபதி அந்தக் கயிற்றைத் தொட்டதே இல்லை. அன்று அவன் காய்ச்சலில் முகாமில் கிடந்தான்.

வெளியே பெஞ்சில் கஜபதி வலது கையில் டீ கிளாஸை நடுங்காமல் பிடித்திருந்தான்.

“என் மூட்டைய எடுத்தது நீதானாலே?”

கஜபதி அவருடைய கையைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. “திரும்ப உன்கிட்டயேவா வந்துச்சு? கொஞ்ச தூரம் தூக்கலாம்னு பாத்தேன். கனம் ஜாஸ்திடா.”

“எனக்குத் தெரியாதா?”

“கொஞ்ச நாள் நீ வெச்சிரு. அப்பறம் நான் வாங்கிக்கிறேன். கேன்டீன் கார்ட மட்டும் என்கிட்ட குட்த்துரு, பாட்டில் வாங்கப் போயிடுவே.”

அருமைநாதன் கார்டை எடுத்து நீட்டினார். ஆனால் பிடி விடவில்லை. கஜபதி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினான்.