கழற்றாத சட்டை

பெரியவரின் வலது மணிக்கட்டில் போட்டிருந்த கட்டைப் பார்த்ததுமே, இன்றைக்குக் காலையில் வீட்டில் என்ன பேச்சு வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கீழே பேக்கரி, மேலே வீடு. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே அடுப்பு, ஒரே கல்லா, ஒரே சமையல். அடுப்படி அண்ணனான பெரியவருடையது. அவள் கணவனை வீட்டில் எல்லோரும் சின்னவன் என்றுதான் சொல்வார்கள். அவன் வேனில் ரொட்டியை ஏற்றிக்கொண்டு போய்க் கடை கடையாகப் போட்டுவிட்டு வருவான். அவள் கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு.

"இனிமே ரொட்டி தள்ளற துடுப்பைத் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். நரம்பு வீங்கிக் கெடக்காம்" என்றார் பெரியவர். "நாளையிலேர்ந்து சின்னவன் அடுப்புல நிக்கட்டும். வேனுக்கு ஒரு ஆளைப் போட்டுக்கலாம்."

அவள் கணவனின் கை தானாகச் சட்டையின் மேல் பொத்தானுக்குப் போனது. பயம் வந்தால் அவன் கை அங்கேதான் போகும். அவள் அதைப் பார்த்தாள். வேறு யாரும் பார்க்கவில்லை.

"அவருக்கு அனல் ஒத்துக்காது அத்தான்" என்றாள். "அதோட, இன்னும் ரெண்டு வாரத்துல நாங்க வெளியூர் போக வேண்டியிருக்கு. வர கொஞ்ச நாள் ஆகும்."

மாமியார் டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பெத்தவ எனக்குத் தெரியாது, அவனுக்கு என்ன ஒத்துக்கும் என்ன ஒத்துக்காதுன்னு. உனக்குத்தான் தெரியும். ஏம்மா, அவனுக்கு வாய் இல்லையா?"

"வாய் இருக்கு அத்தை" என்றாள் ஓரகத்தி, ரொட்டிக் கவர்களை எண்ணாமலே அடுக்கிக்கொண்டு. "மாவு மூட்டை மாதிரி தச்சுல்ல வச்சிருக்கா."

அவன் சிரிக்கவில்லை. மறுத்தும் பேசவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அண்ணன் கை முடங்கிக் கிடக்கிற நேரத்தில் ஊர் சுற்றப் போகிறாளாம் என்று மாமியார் ஆரம்பித்தவள், தனிக்கடை போடத்தான் இந்தத் திட்டம் என்பதில் வந்து முடித்தாள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பழகிப்போன பாட்டு.

உண்மையில் நடந்தது இதுதான். அவனுக்குப் பதினாலு வயதிலேயே மார்பு இரண்டும் பெண்பிள்ளைக்குப் போல வளர்ந்துவிட்டது. உடம்பு அப்படியொன்றும் பருமன் இல்லை. ஆனால் அது மட்டும் வற்றவில்லை. அந்த வயதில் அடுப்படியில் எல்லோரையும் போலப் பனியனோடுதான் நின்றிருக்கிறான். ஒருநாள் பெரியவர், அப்போது அவரும் இளவட்டம்தான், மாவுக் கையோடு வந்து பின்னாலிருந்து அவன் மார்பைப் பிடித்து ஏதோ சொல்லியிருக்கிறார். வேலையாட்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். பனியன் மேல் இரண்டு வெள்ளைக் கை அச்சு. அதோடுதான் அன்று முழுக்க வேலை செய்தானாம். மறுநாளிலிருந்து முழுக்கைச் சட்டை, கழுத்து வரை பொத்தான். பெரியவருக்கு அது நினைவில்கூட இருக்காது.

கல்யாணமான புதிதில் இதை அவன் சொன்னபோது அவள் கையில் சத்தியம் வாங்கிக்கொண்டான். யாரிடமும் சொல்லக் கூடாது.

அவள் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகப் பழியைச் சொந்தமாக்கிக்கொண்டாள். குடும்பத்தோடு கடலுக்குப் போனபோது எல்லோரும் தண்ணீரில் இறங்க, அவளுக்குத் தலைவலி, புருஷன் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். சொந்தக்காரர் வீட்டுக் கூடத்தில் ஆண்கள் எல்லோரும் சேர்ந்து படுக்க வேண்டிவந்தால், அவளுக்குப் புது இடத்தில் தூக்கம் வராது, அன்றைக்கே திரும்ப வேண்டும். அடுப்பு வேண்டாம், வேன்தான் வேண்டும் என்று அவன் கேட்டதும் அவள் வாய் வழியாகத்தான் வந்தது. புருஷனை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறவள் என்று பெயர் வாங்கினாள். இடுப்பு வலிக்கு விற்கிற அகலமான எலாஸ்டிக் பட்டையை அவன் மார்பில் சுற்றிக் கட்டுவான். அதைத் துவைத்து அலமாரிக்குப் பின்னால் காயப்போடுவாள். ஒருமுறை மாமியார் கண்ணில் பட்டபோது தனக்கு முதுகு வலி என்று சொல்லி வைத்தாள். வேலைக்குப் பயந்த நடிப்பு என்று அதற்கும் திட்டு கிடைத்தது.

போன மாதம்தான் இரண்டு பேரும் வெளியூரில் ஒரு டாக்டரிடம் போனார்கள். ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு, பயப்பட எதுவும் இல்லை என்றார். கொழுப்பு மட்டுமில்லை, உள்ளே சுரப்பிச் சதை வளர்ந்திருக்கிறது, இத்தனை வருஷத்துக்குப் பிறகு மாத்திரையில் கரையாது. அப்படியே விட்டாலும் உயிருக்கு ஒன்றும் ஆகாது. அது வேண்டாமென்றால் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம். சின்னத் தழும்பு இருக்கும், சிலருக்கு ரத்தம் கட்டும், கொஞ்ச நாளோ அதற்கு மேலோ மரத்துப்போகும், இரண்டு பக்கமும் அச்சாக ஒரே மாதிரி வருமென்று உறுதி கிடையாது. சில வாரம் பாரம் தூக்கக் கூடாது. முடிவு உங்களுடையது, அடுத்த மாதம் இடம் வைத்திருக்கிறேன், அதற்கு முந்தின வாரம் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றார்.

பெரியவர் அடுப்பைப் பற்றிப் பேசிய அன்று மதியம், அவன் மாவு மூட்டை அறையில் அவளைத் தனியாகப் பிடித்துக்கொண்டான்.

"நீ சொல்லு. பண்ணிக்கவா, வேணாமா?"

"நான் எப்படிங்க சொல்றது..."

"நீ சொன்னா செஞ்சுடறேன்."

அவள் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். பண்ணுங்க என்று சொன்னால், இத்தனை காலமும் உனக்கும் அது அசிங்கமாகத்தான் இருந்ததா என்று அவன் மனசுக்குள் ஒரு கேள்வி விழும். அது சாகிற வரைக்கும் போகாது. வேண்டாம் என்று சொன்னால், இந்தப் பட்டையும் பொத்தானும் தொடரும். எதைச் சொன்னாலும் அவனுக்கு ஒரு காயம். அவள் பேசாமல் இருந்தாள். அவன் "சரி, உனக்கும் தெரியல" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். அதில் கோபம் இருந்தது.

அந்தக் கோபத்தில்தான் மறுநாள் அடுப்பில் போய் நின்றான். முழுக்கைச் சட்டை, உள்ளே பனியன், அதற்கும் உள்ளே அந்தப் பட்டை. அவள் வாசலில் மறித்துக் கெஞ்சிப் பார்த்தாள். "பாத்தியா, அவனா வேலைக்குப் போனாலும் விடமாட்டேங்கறா" என்றாள் மாமியார். அவள் விலகி நின்றாள்.

மூன்றாவது சுற்று ரொட்டி வெளியே வரும்போது தட்டு விழுகிற சத்தம் கேட்டது.

ஓடிப் போனாள். தரையில் கிடந்தான். முகம் செங்கல்லாகச் சிவந்திருந்தது, புறங்கையில் சூடான தட்டு பட்டுத் தோல் வழன்றிருந்தது. மூச்சு மேலே மேலே வாங்கியது. பெரியவர் மண்டியிட்டு, கட்டுப் போட்ட கையோடு சட்டைப் பொத்தானை அவிழ்க்கப் பார்த்தார். அந்த மயக்கத்திலும் அவன் காலரை விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

"கையை எடுங்க அத்தான்."

அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. பெரியவர் எடுத்துவிட்டார். அவள் முந்தானையை விரித்து அவன் மேல் போட்டாள். வேலையாட்களை வெளியே போகச் சொன்னாள். முந்தானைக்குள் கைவிட்டுப் பொத்தான்களையும் பட்டையையும் கழற்றினாள். பட்டை ஈரமாக, கனமாக வந்தது. ஓரகத்தி தண்ணீர் கொண்டுவந்து துணியை நனைத்து நனைத்துத் துடைத்தாள்.

"என்னடி இது? என்னத்தைச் சுத்தி வச்சிருக்க எம் புள்ளைய?" மாமியார் பட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மூச்சு முட்டிச் சாகட்டும்னா?"

அவள் வாயைத் திறக்கவில்லை. சத்தியம் சத்தியம்தானே. அவன் கண்ணைத் திறந்து அம்மாவையும் பட்டையையும் பார்த்தான். பிறகு, எல்லோர் கண்முன்னாலும் முந்தானையைத் தானே விலக்கினான்.

"அவ சுத்தலம்மா. நானே சுத்திக்கிட்டது. பதினாலு வயசுலேர்ந்து."

அடுப்புக்குள் ரொட்டி கருகுகிற வாசனை வந்தது. யாரும் நகரவில்லை.

"கடலுக்கு வராதது நான். சொந்தக்காரங்க வீட்டுல தங்காதது நான். இந்த அடுப்பு வேணாம்னதும் நான்தான். அவ ஒருநாளும் என்னைத் தடுக்கல. நான்தான் அவ பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன். நீங்க திட்டினதெல்லாம் எனக்கு வரவேண்டியது... அவ வாங்கிக்கிட்டா." மூச்சு வாங்கிக்கொண்டு அண்ணனைப் பார்த்தான். "உனக்கு ஞாபகம் இருக்கா? மாவுக் கையோட..."

பெரியவர் முதலில் இல்லை என்று தலையாட்டினார். பிறகு பாதியில் தலை நின்றுவிட்டது. எழுந்து போய் அடுப்பின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

கைப் புண்ணுக்கு மருந்து போட்டு, டாக்டர் பார்த்து, அவன் மாடியில் படுத்திருந்தான். மறுநாள் காலை அவள் துணி காயப்போடப் போனபோது, மொட்டைமாடிக் கொடியில், நல்ல வெயிலில், அந்தப் பட்டை தொங்கிக்கொண்டிருந்தது. துவைத்து, நீவி, இரண்டு கிளிப் போட்டிருந்தது. பக்கத்தில் மாமியார் நின்றிருந்தாள்.

"முதுகு வலின்னு சொன்னியே..." என்றாள். "நடிக்கறேன்னு சொன்னேன். இத்தனை பேர் முன்னால சொன்னேன்."

"விடுங்க அத்தை."

"எப்படி விடறது? என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எம் புள்ளைக்கு ஒண்ணுன்னா நான் சிரிச்சிருப்பேனா?"

மாமியார்தான் முதலில் கையை நீட்டினாள். அவள் அந்தத் தோளில் முகத்தைப் புதைத்து, இத்தனை வருஷத்து அழுகையையும் அழுதாள். பக்கத்து மாடியில் யாரோ பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

கை கொஞ்சம் ஆறியதும் அவன் மறுபடி அடுப்படிக்குப் போனான். பனியன் மட்டும். அவள் மாடிப்படியில் நின்று பார்த்தாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. பெரியவர் பக்கத்திலேயே நின்று தட்டு எடுத்துக் கொடுத்தார். வேலையாள் ஒருத்தன் ஓரக்கண்ணால் பார்த்ததற்கு, பெரியவர் பார்த்த பார்வையில் அந்த ஆள் மாவு பிசையும் மெஷினுக்கே போய்விட்டான். டாக்டர் சொன்னதையும் அவன் வீட்டில் சொல்லியிருந்தான். இனி ஆபரேஷன் எதற்கு, எல்லாம் சரியாகிவிட்டதே என்று மாமியார் நிம்மதியாகச் சொன்னாள். நல்ல உடம்பில் கத்தி எதற்கு என்று ஓரகத்தியும் சொன்னாள். அவளும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தாள்.

டாக்டர் வைத்த கெடுவுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை மதியம் அவன் மறுபடி மாவு மூட்டை அறைக்கு வந்தான். இந்தத் தடவை அவள் காத்திருக்கவில்லை.

"அன்னிக்கு நான் பேசாம இருந்தது தெரியாம இல்லீங்க. எனக்கு நீங்க எப்படி இருந்தாலும் நீங்கதான். அது ஒருநாளும் எனக்கு அசிங்கமா தெரிஞ்சதில்ல. பண்ணுங்கன்னு சொன்னா நீங்க அப்படி நெனச்சுடுவீங்களோன்னு பயம். எனக்காகப் பண்ணாதீங்க. அத்தான் மனசு ஆறணும்னும் பண்ணாதீங்க. உங்களுக்கு என்ன வேணும்? அதை மட்டும் சொல்லுங்க."

அவன் பனியனைக் குனிந்து பார்த்துக்கொண்டான்.

"யாரும் சிரிக்கல. அது நல்லாத்தான் இருக்கு" என்றான். "ஆனா காலையில குளிக்கறப்ப அங்க வேற யாரும் இல்ல, நான் மட்டும்தான். அப்பவும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் குளிக்கறேன். எனக்கு வேணும். யாருக்காகவும் இல்ல."

"தழும்பு இருக்கும்னாரே. மரத்துப்போகும்னாரே."

"தெரியும். அதோடதான் வேணும்."

அவள் தலையாட்டினாள். பயம் போகவில்லை. கத்தி என்றால் கத்திதானே. ஆனாலும் அவன் வாயால் ஒரு ஆசையைச் சொல்லி அவள் அதுவரை கேட்டதே இல்லை.

கிளம்புகிற அன்று காலை மாமியார் பைக்குள் துண்டு மேல் துண்டாகத் திணித்துக்கொண்டிருந்தாள். அவன் கறுப்புச் சட்டை போட்டிருந்தான், மேல் பொத்தான் திறந்திருந்தது. பெரியவர் அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். டாக்டர் சொன்னதையும் மீறி ஒற்றைக் கையால் மாவு உருட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நானும் வரேன்டா என்றார். அடுப்பை யார் பார்க்கிறது, வேண்டாம் என்றான் அவன்.

பெரியவர் போகவில்லை. கையை ஏப்ரனில் துடைத்தார். பார்த்தார். திரும்பவும் துடைத்தார். தம்பியின் பக்கம் நீண்ட கை பாதியிலேயே நின்றது. விரல் இடுக்கில் இன்னும் வெள்ளை.

"மாவுடா..." என்றார்.

"பரவாயில்லண்ணே."

அவன் அந்தக் கையைப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டான். பெரியவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவன் அழவில்லை, அண்ணனின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

வேனில் ஏறி உட்கார்ந்ததும் அவள் பார்த்தாள். கறுப்புச் சட்டையின் தோளில், ஐந்து விரலும் தெரிய, ஒரு வெள்ளைக் கை அச்சு. தட்டிவிடப் போனாள்.

"இருக்கட்டும்" என்றான் அவன்.