பின்னால் வருகிறவர்களுக்கான விளக்கு

சாவி சூர்யநாராயணனின் சட்டைப் பையில் இருந்தது. ஜீப்பில் ஒரு விளக்கும் எரியவில்லை, ஆனாலும் டாஷ்போர்டில் ஆம்பியர் முள் பூஜ்யத்துக்கு ஒரு மயிரிழை இடது பக்கம் சாய்ந்தே நின்றது. யாரும் தொடாத வண்டி பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

மனைவி சுந்தரவல்லி இருந்திருந்தால் இந்த இரும்பைக் காம்பவுண்டுக்குள் விட்டிருக்க மாட்டாள். அவள் போய் நாலு வருஷமாகிறது. பேங்க் வேலையும் முடிந்தபின், செம்பாக்கம் ஏரிக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டில் குக்கர் விசில் தவிர வேறு குரல் இல்லை. மனுஷனுக்குப் பேச ஏதாவது வேண்டுமே. இரண்டு மாதம் முன்பு, ராணுவம் கழித்துவிட்ட ஜீப்பை ஏலத்தில் எடுத்துவந்து அதோடு பேச ஆரம்பித்தார்.

தீபாவளிக்குத் திருச்சியிலிருந்து மகள் சின்மயி வந்தபோது, "ஜீப்ல வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று வீறாப்பாகச் சொன்னார். வண்டி கிளம்பவில்லை. இதோ அஞ்சு நிமிஷம், இதோ அஞ்சு நிமிஷம் என்று தாம்பரம் பிளாட்பாரத்தில் அவளை ஒன்றரை மணி நேரம் நிற்கவைத்தார். அவள் சிறுசேரியில் தோழி ஸ்ம்ருதி வீட்டுக்குப் போய், அப்படியே ஊர் திரும்பிவிட்டாள். இன்று ஏழு மணி ரயிலில் மறுபடி வருகிறாள். இந்த முறையும் விட்டால் அவள் இனி வரமாட்டாள் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். ஆட்டோவில் போனால் வேலை முடிந்தது. ஆனால் ஜீப் என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் போய் இறங்க அவருக்கு மனசு வரவில்லை.

மணி ஐந்தரை. மார்கழி வானம் மூடிக்கொண்டு, காற்றில் ஏரிச் சேற்று வாடை அடித்தது. ஒரு மணி நேரமாகச் சார்ஜரில் இருந்த பேட்டரிக்கு, கரண்ட் போனதால் சார்ஜ் பாதியில் நின்றிருந்தது. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். முள் அசையவில்லை. கடைசி ஃப்யூஸையும் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். அசையவில்லை.

தாம்பரம் மார்க்கெட் பக்கம் கடை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் துரைராஜுக்குப் போன் போட்டார்.

"டைனமோ நல்லா கீது சார், சார்ஜும் ஏறுது. ஃப்யூஸுக்கு வெளிய எங்கனா ஒரு ஒயரு போவும், பாரு. பின்னாடி வீலு ரெண்டுக்கும் நடுவுல வெள்ளை பெயின்ட் அடிச்ச உருண்டை கீது இல்ல, அதும்மேல ஒரு குட்டி லைட்டு இருக்கும்."

"எதுக்குப்பா அங்க லைட்டு?"

"மிலிட்டரி வண்டிங்க இருட்டுல வரிசையா போவும் சார், ஹெட்லைட் போடாம. பின்னாடி வர்றவன் அந்த வெள்ளையப் பாத்துகினுதான் வருவான். எவ்ளோ கிட்ட வர்லாம், எங்க நிக்கணும், எல்லாம் அதான்."

"இப்ப யாரு பின்னாடி வரப் போறா? வெட்டிடறேன்."

"வெட்டு சார்" என்று சிரித்தான் துரைராஜ்.

கோணியை விரித்து மல்லாந்து ஜீப்புக்கு அடியில் நகர்ந்தார். கிரீஸ் வாடை. துரைராஜ் சொன்ன இடத்தில், ஒரு குண்டுமணி அளவு பல்பு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. பகலில் கண்ணுக்கே தெரியாத வெளிச்சம். இரண்டு மாதமாக ராத்திரி பகலாக இது யாருக்காக எரிந்தது? கட்டிங் பிளேயரால் ஒயரை நறுக்கினார். எழுந்து போய்ப் பார்த்தபோது முள் பூஜ்யத்தில் நேராக நின்றது. சின்னப் பையனைப் போலக் கை தட்டினார். கூடச் சந்தோஷப்பட ஒருவரும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஜீப்புக்குப் பின்னால் கண் போனது.

தினமும் காலையில் அங்கே பூட்ஸ் தடங்கள் இருக்கும். கேட்டிலிருந்து ரெண்டு ரெண்டாக வரிசையாக வந்து, ஜீப்புக்குச் சரியாகப் பன்னிரண்டு அடி தள்ளி நின்றுவிடும். மழையே இல்லாத நாளிலும் ஈரமாக இருக்கும். பால்காரராக இருக்கும், கரண்ட் ஆபீஸ் ஆட்களாக இருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார். ராத்திரி முழுக்கக் கேட் பூட்டியே இருக்கும் என்பதை மட்டும் யோசிக்க மாட்டார்.

இன்று காலையும் கழுவியிருந்தார். இப்போது தடங்கள் இருந்தன. பன்னிரண்டு அடியில் இல்லை. எட்டு அடியில்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண்ணில் 'சளக்' என்று ஒரு சத்தம். பல கால்கள் ஒன்றாக ஊன்றிய சத்தம். ஆறு அடி.

எங்கே நிற்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நிற்கும் இடத்தை அவர்தான் வெட்டிப் போட்டிருந்தார்.

ஓடியிருக்கலாம். ஆனால் கேட் அந்தத் தடங்களுக்கு அப்பால் இருந்தது. அவர் வண்டிக்கு அடியில் புகுந்தார். அறுந்த ஒயரின் முனைகளைப் பல்லால் சீவினார். சளக். நான்கு அடி. இரண்டு முனைகளையும் சேர்த்து விரலால் நசுக்கினார்.

பல்பு எரிந்தது.

சத்தம் நின்றது.

மெல்லத் தலையைத் திருப்பினார். வண்டியின் அடிவிளிம்புக்குக் கீழே கால்கள் மட்டும் தெரிந்தன. ஊறி உப்பிய பூட்ஸ்கள். ரெண்டு ரெண்டாக. எல்லாம் அவரைப் பார்த்து. லேஸ் துளைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கேட் கிறீச்சிட்டது.

"அப்பா! முந்தின ட்ரெயினே கிடைச்சுடுச்சு. உங்கள நம்பி நிக்க வேணாம்னு நானே ஆட்டோ பிடிச்சு வந்துட்டேன்." குரலில் சிரிப்பு இருந்தது. கோபம் இல்லை. "எங்க இருக்கீங்க? வண்டிக்கு அடியிலதானே?"

"சின்மயி, வராதே!" என்று கத்தப் பார்த்தார். காற்றுதான் வந்தது.

செருப்புச் சத்தம் நெருங்கியது. டக், டக், டக். பிறகு நடை மாறியது. நிதானமானது. அளந்து வைத்தது போலானது. நின்றது.

"சின்மயி?"



பூட்ஸ் வரிசையின் கடைசியில் இரண்டு வெள்ளைச் செருப்புகள். குதிகால் சேர்ந்து, நேராக.

விரலை எடுத்தால் விளக்கு அணையும். எடுக்கவில்லை. விரலில் ரத்தம் கசிந்தது. பாதி சார்ஜ்கூட ஏறாத பேட்டரி. மஞ்சள் சிவப்பானது. சிவப்பு மங்கியது.

சளக்.

எல்லாக் கால்களும் ஒன்றாக அரை அடி முன்னே வந்தன. வெள்ளைச் செருப்புகளும்.