மூன்றாம் கிடங்கின் மூடி

மச்சினன் தேநீரை ஊதாமல் குடித்தான்.

கப்பலின் சாப்பாட்டு அறையில், மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து போசன் பார்த்துக்கொண்டே இருந்தார். சூடு என்றால் அவனுக்கு ஆகவே ஆகாது. இரண்டு கோப்பைகளில் மாற்றி மாற்றி ஆற்றி, அது பச்சைத் தண்ணீராகக் கிடந்தால்தான் வாயில் வைப்பான். அதைச் சொல்லியே அவனுடைய அக்கா, அதாவது போசனின் மனைவி, கல்யாணமான நாளிலிருந்து அவனைக் கிண்டலடித்துக்கொண்டிருக்கிறாள். இன்று கெட்டிலிலிருந்து நேராக ஊற்றி, ஆவி பறக்கப் பறக்க, ஒரே மடக்கில் இறக்கிவிட்டான்.

"வாய் வேகலையாடா?"

"இல்ல மாமா."

அவ்வளவுதான். வாயைத் திறந்தால் மூடாதவன். போசனுக்கு என்னவோ போலிருந்தது. ஆனால் எழுந்து அவனை உலுக்கிக் கேட்கத் தோன்றவில்லை. உடம்பு முழுக்க மரத்துப்போன மாதிரி இருந்தது. அலுப்பு, வேறென்ன.

போசன் என்றால் கப்பலின் மேல்தளத்து ஆட்களுக்கு மேஸ்திரி. இந்தக் கப்பல் சிமென்ட் சுமந்தது, கோதுமை சுமந்தது, பழைய இரும்பு சுமந்தது, இப்போது வெட்டிய மரம் சுமக்கிறது. கை மாறும்போதெல்லாம் பெயர் மாறி, பெயிண்டின் மேல் பெயிண்டாக அப்பி, பக்கச்சுவரே தடித்துப்போய்விட்டது. மாறாதது ஒன்றுதான். கட்டிய நாளிலிருந்து இதில் ஓர் உயிர்கூடப் போனதில்லை. எத்தனை பேர் ஏறினார்களோ அத்தனை பேரும் தங்கள் காலால் நடந்து இறங்கியிருக்கிறார்கள். கேப்டன் அதற்கான சான்றிதழைச் சாப்பாட்டு அறையில் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறார். "இந்தக் கப்பல்ல கரப்பான்பூச்சிகூட சாக மாட்டேங்குது" என்பார் சமையல்காரர். அதை நம்பித்தான் போசன் மச்சினனை இங்கே வேலைக்குச் சேர்த்தார். "எனக்கு இருக்கிறது ஒரே தம்பி. கூட்டிட்டுப் போற மாதிரியே கூட்டிட்டு வரணும்" என்று மனைவி அவர் தலையில் கட்டிவிட்ட பொறுப்பு அது.

ஈர மரம் மூடிய இடத்தில் காற்றைத் தின்றுவிடும். அதனால் கிடங்குக்குள் இறங்குகிறவன் தன் பெயர் பொறித்த தகட்டை வாசல் கொக்கியில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும், ஏறியதும் அவனேதான் எடுக்க வேண்டும். கொக்கியில் தகடு தொங்கினால் மூடியைத் தொடக் கூடாது. சட்டம் அப்படி. நடப்பு வேறு. மழை வந்தாலோ தேநீர் மணி அடித்தாலோ, முதலில் வெளியே வருகிறவன் எல்லார் தகட்டையும் கொத்தாக அள்ளிக்கொள்வான். இன்று மழை வந்தது. அள்ளியது போசன்.

அதற்கு முன் மச்சினனைக் காணோமே என்று ஏணியில் இரண்டு படி இறங்கிக் கூப்பிட்டது அவருக்கு ஞாபகம் இருந்தது. காற்றை அளக்கும் மீட்டரைக் காலையில் வாசலில் காட்டியதோடு சரி, அப்போது காட்டவில்லை. உள்ளே பச்சை மரப்பட்டையும் துருவும் கலந்த புளித்த வாடை. ஏறி வந்தது ஞாபகம் இல்லை. இதையெல்லாமா ஒருத்தன் ஞாபகம் வைத்துக்கொள்வான்? திரும்பிப் பார்த்தபோது மச்சினன் பின்னால் நின்றான். "என்னுதையும் எடுத்துருங்க மாமா" என்றான். எடுத்தார். மூடியை இறக்கித் திருகுகளை முறுக்கினார்.

போன் அடித்தது. மனைவி.

"தம்பிகிட்ட குடுங்க."

மச்சினன் வாங்கி, "நல்லா இருக்கேன் அக்கா" என்றான். திருப்பிக் கொடுத்தான்.

மறுமுனையில் அவள் மெதுவாக, "ஏங்க, அது யாருங்க?" என்றாள்.

"உன் தம்பிதான். வேற யாரு?"

"நீங்க பேசுறதும் ஒரு மாதிரியா இருக்கே..."

லைன் அறுந்துபோனது.

அப்போதுதான் அந்தச் சத்தம். இரும்பில் இரும்பு தட்டுகிற சத்தம், எங்கோ அடியிலிருந்து, அவசரமில்லாமல், கொஞ்சம் விட்டு விட்டு. போசன் நிமிர்ந்தார். சமையல்காரர் நிமிரவில்லை. கேப்டன் நிமிரவில்லை. மேசையைச் சுற்றி எல்லாரும் கொதிக்கிற தேநீரை ஊதாமல் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மரம் அசையுது, போசன்" என்றார் கேப்டன். "உக்காருங்க."

அவருக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயம்கூட வேறு யாருடையதோ போல எட்டத்தில் இருந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். மழை முகத்தில் அடித்தது, உறைக்கவில்லை. மூன்றாம் கிடங்கு. மூடியில் காதை வைத்தார்.

தட்டல். பிறகு ஒரு குரல். மச்சினன் குரல்.

"மாமா... திறங்க மாமா..."

திருகுகள். ஒன்று. இன்னொன்று. தோல் உரிந்தது. வலிக்கவில்லை. மூடியைத் தூக்கினார்.

டார்ச் வெளிச்சத்தில் மச்சினன் தெரிந்தான். உச்சிப் படியில். உதடு நீலம். ஒரு கையில் ஸ்பேனர். கண் திறந்திருந்தது. உயிர் இருந்தது.

அவனால் தானாக நிற்க முடியவில்லை. கீழிருந்து யாரோ தாங்கினார்கள். அவன் கால் இரண்டையும் தோளில் ஏற்றி, ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முக்கி முக்கி மேலே தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

வெளிச்சத்தைக் கீழே இறக்கினார்.

போசன்.

அவருடைய சட்டை. அவருடைய நரைத்த மீசை. முகம் மேலே திரும்பியது. வாய் மூச்சுக்குத் திறந்து திறந்து மூடியது.

"இவன மட்டும் தூக்கிருங்க" என்றது கீழே இருந்த அவருடைய குரல். "யாரா இருந்தாலும் சரி. இவன மட்டும்."

மச்சினன் கையை நீட்டினான். விரல்கள் விளிம்பைப் பற்றின.

ஏணியில் ஏறி வந்தது ஏன் ஞாபகம் இல்லை என்று மேலே நின்றவருக்கு இப்போது புரிந்தது. அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். பிறகு மூடியை இறக்கினார்.